சும்மா என்று ஒரு கட்டம்

வேகத்தடை தாண்டட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தான் வாகீசன். வேகத்தடை தாண்டியது. சரி, எதிரே வருகிற அந்தத் தண்ணீர் லாரி போகட்டும். முகத்தில் ஒரு கூடைப் புழுதியை அப்பிவிட்டு லாரியும் போனது. ஜெசிந்தாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோவில்பட்டியிலிருந்து மேலச்செங்குளத்துக்குப் பதினாறு கிலோமீட்டர். அதில் ஐந்து போயாகிவிட்டது. ஐந்தும் தண்டம். சொல்ல வேண்டியது என்னவோ ஒரே வரிதான். ஜெசிந்தா, ஆவுடையம்மாளுக்குக் கால் போனது உங்களால் இல்லை, என்னால். இதைச் சொல்ல முடியாதவனா அவன்? நாலு நாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற அறையில் எழுந்து நின்று நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசுகிற ஆள். வாக்குக்கெல்லாம் ஈசன் என்று பெயர் வேறு. வாயில் என்ன கொழுக்கட்டையா? இன்னும் பதினொரு கிலோமீட்டரில் இந்தப் பெண் அந்த அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று என் தப்புதான் பெரியம்மா என்று அழப்போகிறாள். அழுதுவிட்டு, சாயங்காலம் ஆபீசுக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தை நீட்டப்போகிறாள். கடிதம் இந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, மழைக்கோட்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில். காலையில் சீட்டைத் தூக்கி ஹெல்மெட்டை எடுக்கும்போது அவளே காட்டினாள். அதன் மேல்தான் ஐயா சொகுசாக உட்கார்ந்து வருகிறார்.

காலையில் ஆபீசில் உலகநாதன் சார் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே. மெல்லடியை நடத்துகிறவர் அவர்தான். சர்க்கரை முற்றிக் கால் மரத்துப்போனவர்களுக்கு அளவெடுத்து மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்து கொடுக்கிற சின்ன நிறுவனம் மெல்லடி. வருகிற லாபம் அடுத்த செருப்புக்குப் போகும், யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. நல்ல மனுஷன். வாகீசனுக்குக் காபியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, 'ஒரே ஒரு கேஸ் சார், மத்தபடி உங்க முறை அருமையா ஓடுது. அந்தப் பொண்ணு கொஞ்சம் கவனமில்லாம இருந்திடுச்சு. சந்தேகம் இருந்தா நேர்ல போகணும்னு நீங்க தெளிவாப் போட்டிருக்கீங்களே' என்றார். போட்டிருந்தான். அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அவன் எழுதிக்கொடுத்த அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் அந்த ஒரு வரி. சந்தேகம் இருப்பின் நேரில் செல்லவும். எதற்குப் போட்டான்? யாருக்காவது உதவும் என்றா? பின்னால் யாரும் நம்மைக் கேட்டுவிடக் கூடாது என்று போட்டான். சென்னையில் சோப்புக் கம்பெனிக்கும் சிமெண்டுக் கம்பெனிக்கும் யோசனை சொல்லிப் பதினாறு வருஷம் பழகிய கை, தானாக எழுதிக்கொண்டது. அந்த வரி இப்போது சமர்த்தாகத் தன் வேலையைச் செய்துவிட்டது. அவனை விட்டுவிட்டு இவளைப் பிடித்துக்கொண்டது. 'அப்படியெல்லாம் இல்ல சார், தப்பு என் முறையிலதான்' என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். காபி சூடாக இருந்தது. குடித்தான். 'நானும் அந்த அம்மாவைப் போய்ப் பாக்குறேன்' என்று மட்டும் சொன்னான். உலகநாதன் சாருக்கு அதிலேயே கண் கலங்கிவிட்டது. சென்னையிலிருந்து வந்த பெரிய மனுஷன், ஒரு ஏழை வீட்டுக்கு.

அவன் கம்பெனியில் வருஷத்துக்கு ஆறு வாரம் இப்படிப் போகலாம். சம்பளம் உண்டு. ஏழைகளுக்கு வேலை செய்கிற ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, பெரிய கம்பெனிகளுக்குச் சொல்கிற யோசனையை இவர்களுக்கு இலவசமாகச் சொல்ல வேண்டும். சிலர் கம்போடியா போனார்கள், சிலர் கென்யா. அவன்தான், வெளிநாடெல்லாம் எதற்கு, என் பாஷை பேசுகிற ஜனங்களிடம் போகிறேன், எனக்கு அவர்களைப் புரியும் என்று கோவில்பட்டியைக் கேட்டு வாங்கினான். புரியும்! போன வருஷம் மார்ச் மாதம், இதே ஸ்கூட்டர், இதே பின்கம்பி, கையில் ஒரு நிறுத்துக்கடிகாரம். அளவெடுக்கவும் விசாரிக்கவும் ஜெசிந்தா போகிற வீட்டுக்கெல்லாம் ஐந்து நாள் கூடவே போனான். ஒரு வீட்டுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. அதில் வேலை என்று பார்த்தால் எட்டு நிமிடம். மீதி? வாசலில் நிற்கிறாள். அங்கே கழற்றிப் போட்டிருக்கிற செருப்பைக் கையில் எடுக்கிறாள், புரட்டுகிறாள், உள்ளே விரல் விட்டுத் துழாவுகிறாள், ஓரமாக வைக்கிறாள். உள்ளே போய்த் தரையில் உட்கார்கிறாள். டீ வருகிறது. பேத்தி வயசுக்கு வந்த கதை, ரேஷன் கடையில் சண்டை போட்ட கதை. அவன் கடிகாரத்தை அமுக்கி அமுக்கிக் கட்டம் போட்ட தாளில் நிரப்பினான். வண்டி நிறுத்த ஒரு நிமிடம். விசாரிப்பு மூன்று. செருப்பைப் புரட்டுகிற அந்த இடத்தில்தான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'இங்க என்ன பண்றீங்க ஜெசிந்தா?' என்று கேட்டான். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். 'சும்மா பாக்கேன் சார்' என்றாள். சும்மா. அவன் எழுதிக்கொண்டான். டீ குடிக்கும்போது கேட்டான், இப்ப? 'இதுவும் சும்மாதான் சார்.' அதையும் எழுதிக்கொண்டான். அறிக்கையில் சும்மா என்றே ஒரு கட்டம் வந்தது, பழுப்பு நிறத்தில், முப்பத்தேழு நிமிடம். அந்தப் பழுப்பை வெட்டி எறிந்தால் ஒரு வீட்டுக்குச் செலவாகிற நேரத்தில் ஐந்து புது ஆட்களுக்கு அளவெடுக்கலாம். பழைய ஆட்களுக்கு? பதினைந்து நாளைக்கு ஒரு போன். செருப்பு எப்படி இருக்கு என்று கேட்டு ஒரு டிக். ஆறு நிமிடம் கூட வேண்டாம். உலகநாதன் சார் அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷமா எனக்கு இது தோணலையே சார் என்றார்.

"வீட்டுக்குப் போயிருந்தா வாசல்லயே தெரிஞ்சிருக்கும் சார்" என்று ஜெசிந்தா திடீரென்று காற்றுக்கு மேலே குரல் எழுப்பிச் சொன்னாள். அவன் நினைத்துக்கொண்டிருந்ததை அவள் முதுகால் கேட்டுவிட்டாளோ என்று ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தெரிஞ்சிருக்கும்?" என்றான், எதுவும் தெரியாதவன் மாதிரி. "செருப்புல சார். அவங்களுக்குக் கால்ல உணர்ச்சி கெடையாதுல்லா. முள்ளு குத்துனாலும் தெரியாது, சீப் புடிச்சாலும் தெரியாது. கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. பொய்யில்ல, அவங்களுக்கு நெசமாவே ஒண்ணுமில்ல. செருப்புதான் சார் சொல்லும். உள்ள கறை இருக்கும், ஈரம் இருக்கும், ஒரு பக்கமாத் தேய்ஞ்சிருக்கும். அப்புறம் உள்ள போயி உக்காந்தா, வீட்டுல வெறுங்காலோடதான இருப்பாங்க, பேசிக்கிட்டே பாதத்தைப் பாத்துக்கலாம். காலைக் காட்டுங்கன்னா கூச்சப்படுவாங்க சார், நம்மள விட மூத்தவங்க, எப்படிக் காலைக் காட்டுவாங்க? டீ குடிக்கையில பாத்தாத்தான் உண்டு." அவள் சொல்லிவிட்டு ஒரு ஆட்டைச் சுற்றி வண்டியை ஒடித்தாள். டீ குடிக்கையில் பார்த்தால்தான் உண்டு. அவன் பழுப்பு நிறத்தில் வெட்டி எறிந்தது அவ்வளவும் வேலை. எட்டு நிமிடம்தான் சும்மா. அளவுகோலும் பேனாவும் எட்டு நிமிடம், கண் முப்பத்தேழு நிமிடம். அடப்பாவி, நீயும் தமிழன்தானே. சும்மா வந்தேன் என்று யாராவது வீட்டுக்கு வந்தால், நிஜமாகவே சும்மாவா வந்திருப்பார்? உள்ளே ஏதோ இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? தெரியும். அப்பாவின் நண்பர் ஒருவர் சும்மாதான் வந்தேன் என்று சொல்லி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தன் மகளுக்கு வரன் கேட்டார். எல்லாம் தெரியும். ஆனால் கையில் கடிகாரம் இருந்தால் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது.

இப்போது சொல்லிவிடு. இதைவிட நல்ல சமயம் வராது. அவளே வாய்ப்புக் கொடுத்துவிட்டாள். "ஜெசிந்தா." "சார்?" "அது வந்து..." "கேக்கலை சார், சத்தமாச் சொல்லுங்க." "ஒண்ணுமில்ல. மெதுவாப் போங்க." அவள் வேகத்தைக் குறைத்தாள். பாவம், சார் பயப்படுகிறார் என்று நினைத்திருப்பாள். சீ என்று இருந்தது அவனுக்கு. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். கருப்பட்டி நிறத்தில் காய்ந்த முள். இதில் ஒன்றுதான் ஆவுடையம்மாளுக்கு ஏறியது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அம்மாள், விறகு பொறுக்கப் போயிருக்கிறாள், அடி ரப்பரைத் தாண்டி ஏறிய முள் உள்ளேயே முறிந்திருக்கிறது. மூன்று வாரம். மூன்று வாரம் அந்தக் காலோடு நின்று நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு வடித்திருக்கிறாள். நடுவில் இரண்டு தடவை போன். செருப்பு எப்படி இருக்கு பெரியம்மா? பரவாயில்லம்மா. டிக். பரவாயில்லை என்றால் எந்தக் கட்டத்தில் டிக் என்று அறிக்கை எழுதும்போது ஒரு விவாதமே நடந்தது. கம்பெனியில் கூட இருந்த வடக்கத்திப் பையன் கேட்டான், இவர்கள் பாதிப் பேர் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்கிறார்கள், இது நல்லதா கெட்டதா என்று. கேட்டானே, புண்ணியவான்! தமிழ் தெரியாத அவனுக்குத் தோன்றியது. வாகீசன்தான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான், அது திருப்தி என்று அர்த்தம், மூன்றாவது கட்டத்தில் போடு. சொன்ன அந்த வாரம்தான் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். என்னால் வர முடியாது, வேலை இருக்கிறது என்று போனில் சொன்னபோது சுகிர்தா என்ன சொன்னாள்? பரவாயில்லை என்றாள். அப்புறம் ஒன்பது நாள் பேசவில்லை. தன் பெண்டாட்டியின் பரவாயில்லைக்கு நடுங்குகிறவன், ஊரான் பரவாயில்லைக்கு மூன்றாவது கட்டம் போட்டிருக்கிறான்.

இடது கால் மரத்துவிட்டது. எப்போது மரத்தது என்று தெரியவில்லை. ஷூவுக்குள் விரலை அசைத்துப் பார்த்தான். அசைகிறதா? அசைகிறது என்று நினைத்தான், ஆனால் நினைப்பதும் அசைவதும் ஒன்றா என்று சந்தேகம் வந்து, குனிந்து கெண்டைக்காலைக் கிள்ளினான். வண்டி ஆடியது. "என்னாச்சு சார்?" "கால் மரத்துப் போச்சு." "எறங்கி நடக்கீங்களா கொஞ்சம்?" "வேண்டாம் வேண்டாம்." போன தடவை ரத்தம் பார்த்த டாக்டர், எல்லைக்கோட்டில் இருக்கீங்க, பார்த்துக்கோங்க என்றார். எல்லைக்கோடு. ஒரு நாள் தனக்கும் இப்படி ஆகுமோ? ஊசி குத்துவது போல மெல்ல உணர்ச்சி திரும்பியது, குறுகுறுவென்று, வலியோடு. அந்த வலி எவ்வளவு நன்றாக இருந்தது! வலி வந்ததற்காக ஒருத்தன் சந்தோஷப்படுவான் என்று அவனுக்கு இன்றைக்கு வரை தெரியாது. பிறகு அந்தச் சந்தோஷத்தை நினைத்தே வெட்கம் வந்தது. அந்த அம்மாளுக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை, இவன் கால் குறுகுறுப்பை ரசித்துக்கொண்டு போகிறான். நைரோபியில் ஒரு மாநாட்டில் இந்தக் கதையைத்தான் சொன்னான், போன நவம்பரில். நாற்பத்தைந்து நிமிடம் ஆறாக ஆன கதை. அறுநூறு பேர் இரண்டாயிரம் பேரான கதை. பெரிய திரையில் அந்தப் பழுப்புக் கட்டம் மறைந்து பச்சைக் கட்டம் வளர்ந்தது. கைதட்டினார்கள். பிற்பாடு சாப்பாட்டு மேஜையில் ஒரு கென்யப் பெண், அவளும் கால் புண்காரர்களுக்கு வேலை செய்கிறவள், அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நாங்களும் இதைச் செய்யப்போகிறோம், உங்கள் தாள்களைத் தர முடியுமா என்றாள். அனுப்பினான். அங்கே ஏதோ ஒரு கிராமத்தில், அவனுக்குத் தெரியாத பாஷையில், பரவாயில்லைக்கு என்ன சொல்லோ அதை யாரோ ஒருத்தி போனில் சொல்லிக்கொண்டிருப்பாள் இந்த நிமிடம். அந்தக் கென்யப் பெண்ணுக்கு எழுத வேண்டும். இன்றைக்கே எழுத வேண்டும். என்னவென்று எழுதுவது? முதலில் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளிடம் சொல்ல வாய் வரட்டும்.

"நான் ஒண்ணு கேக்கட்டா சார்?" என்றாள் ஜெசிந்தா. ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள், காற்றுச் சத்தம் அடங்கி அவள் குரல் பக்கத்தில் கேட்டது. "அந்தத் தாள்ல சந்தேகம் இருந்தா நேர்ல போகணும்னு போட்டிருக்குல்லா. ரெண்டாவது வாட்டி பேசும்போது பெரியம்மா குரல் கொஞ்சம் அசதியா இருந்துச்சு. வெயிலா இருக்கும்னு விட்டுட்டேன். அதைச் சந்தேகம்னு நான் எடுத்திருக்கணுமா சார்? ராத்திரியெல்லாம் இதான் ஓடுது. சந்தேகம்னா எவ்வளவு இருந்தாச் சந்தேகம்?" அவன் சும்மா கிறுக்கிய ஒரு வரியை இந்தப் பெண் வேத வாக்காக எடுத்து வைத்துக்கொண்டு, தூக்கமில்லாமல் அதன் பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பொருளே கிடையாது அம்மா, அது என் தோலைக் காப்பாற்ற நான் போட்டது. "இல்ல ஜெசிந்தா, நீங்க..." என்று ஆரம்பித்தான். வண்டி நின்றுவிட்டது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, நீலச் சுவர், வாசலில் வேப்பமர நிழல். பதினாறு கிலோமீட்டரும் முடிந்தது.

வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. வலது கால். ஜெசிந்தா இறங்கியதும் இறங்காததுமாக அதை எடுத்தாள், புரட்டினாள், உள்ளே விரல் விட்டுத் தடவினாள், விரலை வெளிச்சத்தில் பார்த்தாள், ஓரமாக வைத்தாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவன் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தான். ஒன்று கழன்றது, மற்றதன் முடிச்சு இறுகிப்போய் வரமாட்டேன் என்றது. உள்ளேயிருந்து, "ஏட்டி ஜெசி, வா வா. எத்தனை நாளாச்சு ஒன் மூஞ்சியப் பாத்து" என்று ஒரு குரல். அவன் நிமிரும்போது ஜெசிந்தா உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து அந்த அம்மாளின் மடியில் தலையை வைத்துவிட்டிருந்தாள். ஆவுடையம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சேலை ஒரு பக்கம் தரைவரை நிறைந்து இறங்கியது. மறு பக்கம் சப்பையாகத் தொங்கியது. அவன் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், பார்த்தான்.

"என் தப்புதான் பெரியம்மா. போன்லயே கேட்டுட்டு விட்டுட்டேன். ஒரு எட்டு வந்து பாத்திருந்தா..."

"கிறுக்கி மாதிரிப் பேசாதட்டி. எங்கால்ல குத்துன முள்ளு எனக்கே தெரியல, கோவில்பட்டியில இருக்க ஒனக்கு எப்படித் தெரியும்? எந்திரி. மூக்கைச் சிந்து." அவள் தலையைத் தடவிக்கொண்டே அந்த அம்மாள் வாசலைப் பார்த்தாள். "அது யாரு, வெளிய நிக்கிறது?"

ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "சென்னையிலருந்து வந்திருக்காங்க பெரியம்மா. நம்ம மெல்லடிக்கு எல்லாம் உதவி செய்யிற சாரு."

"அப்படியா? உள்ள வாங்க தம்பி. ஏன் வெயில்ல நிக்கீக?"

வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். பழம் வாங்கி வந்திருக்கிறான், அதைக் கொடுத்துவிட்டு, செயற்கைக் காலுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லலாம். எல்லோரும் அழுது ஓய்ந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். உதவி செய்கிற சார் உதவி செய்துவிட்டுப் போனார் என்று ஆகிவிடும். அவ்வளவு சுலபம். அந்தச் சுலபத்தைக் கண்டுதான் அவனுக்குப் பயம் வந்தது. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக, படியில் நின்றபடியே, தன்னுடையது போலவே இல்லாத ஒரு சன்னக் குரலில் சொன்னான்.

"அம்மா, ஜெசிந்தா வராமப் போனதுக்கு அவங்க காரணமில்ல. நான்தான். வீட்டுக்கெல்லாம் போக வேண்டாம், போன்ல கேட்டாப் போதும்னு எழுதிக் கொடுத்தவன் நான்தான்."

ஜெசிந்தா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் இல்லை. கணக்கு விளங்காத பிள்ளை பலகையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள்தான் முதலில் பேசினாள். அவள் குரலிலும் கோபமில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

"எதுக்கு தம்பி அப்படி எழுதுனீக?"

"நெறைய பேருக்குச் செருப்பு கிடைக்கணும்னும்மா. ஒரு வீட்டுல செலவாகுற நேரத்துல அஞ்சு புது ஆளுக்கு அளவெடுக்கலாமேன்னு."

"கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா. புதுசா ஆயிரத்து நானூறு பேருக்கு." சொல்லும்போது, இந்த இடத்தில், இந்தக் காலுக்கு முன்னால், உள்ளே ஒரு சின்னப் பெருமை தலையைத் தூக்கியது. அதை அவன் வாழ்நாள் முழுக்க மறக்கப்போவதில்லை.

"நல்லது தம்பி. நல்ல காரியம்" என்றாள் ஆவுடையம்மாள். மனசாரத்தான் சொன்னாள். பிறகு வெறுமையாகத் தொங்கிய சேலையை முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஆயிரத்து நானூறு பேரு வீட்டுக்கும் இப்ப யாரு போறா?"

ஜெசிந்தா வண்டிச் சாவியோடு எழுந்துவிட்டாள்.

"யாரும் போகலம்மா" என்றான் வாகீசன்.